துண்டு வெட்டுவதற்கு முன்: வன்முறையில் காயப்பட்ட பிள்ளையை ஆஸ்பத்திரியில் வைத்துச் செய்ய வேண்டியவை

காயப்பட்டு வரும் பிள்ளைக்குத் தையல் போட ஆஸ்பத்திரியில் ஆள் இருக்கிறது. அந்தக் காயம் எப்படி வந்தது, திரும்பிப் போகிற வீட்டில் அதே கை இன்னும் காத்திருக்கிறதா என்று கேட்கத்தான் ஆள் குறைவு. இந்த வழிகாட்டி அந்த வேலையைச் செய்பவர்களுக்கானது: விடுதியில் நிற்கும் தாதிய உத்தியோகத்தர்கள், வன்முறைக்கு ஆளானவர்களுக்கு உதவ ஆஸ்பத்திரிக்குள்ளேயே இயங்கும் நட்பு நிலையத்தில் இருப்பவர்கள், உளசமூகப் பணியாளர்கள், பிரதேச செயலகத்தின் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர்கள். பிள்ளையோடு நிற்கும் தாய், அம்மம்மா, உம்மம்மா, மாமி ஆகியோரும் இதைப் படித்தால் தங்களுக்கு என்ன கேட்க உரிமை இருக்கிறது என்பது விளங்கும்.

மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை, கல்முனையின் இரண்டு ஆஸ்பத்திரிகள், அக்கரைப்பற்று, களுவாஞ்சிகுடி, வாழைச்சேனை ஆதார வைத்தியசாலைகள், அம்பாறை பொது வைத்தியசாலை என்று இடத்துக்கு இடம் ஆளணி வேறுபடும். ஒழுங்கு ஒன்றுதான்: உயிர், பாதுகாப்பு, பதிவு, பிறகு வீடு, அதாவது துண்டு வெட்டிப் பிள்ளையை வீட்டுக்கு அனுப்புவது. இதில் கடைசிப் படியில்தான் எல்லாம் வழுக்கிப் போகிறது. அதனால் அதைப்பற்றி ஆகக்கூடுதலாக எழுதியிருக்கிறோம்.

ஆஸ்பத்திரிக்கு வந்து சேரும்வரை

1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். அது வரும்வரை அல்லது ஓட்டோவில் ஏற்றும்வரை வீட்டிலும் பள்ளிக்கூடத்திலும் செய்யும் பிழைகள் சில, சிகிச்சையையும் கெடுக்கும், வழக்கையும் கெடுக்கும்.

குத்திய கத்தியோ கம்பியோ உடம்பில் நின்றால் இழுக்கக் கூடாது. அதைச் சுற்றித் துணியை வைத்து அசையாமல் கட்டிக் கொண்டுவர வேண்டும். இரத்தம் ஓடும் வெட்டுக்காயத்தை மடித்த துணியால் அழுத்தி, இடையில் எடுத்துப் பார்க்காமல் 10 நிமிடம் வைத்திருக்க வேண்டும். நிமிடத்துக்கொரு தரம் துணியைத் தூக்கிப் பார்ப்பதால்தான் உறையத் தொடங்கிய இரத்தம் மறுபடி ஓடுகிறது. சூட்டுக்காயம் என்றால் பைப் தண்ணீரின் கீழ் 20 நிமிடம் பிடிக்க வேண்டும். பற்பசை, தேங்காய் எண்ணெய், மஞ்சள் ஒன்றும் வேண்டாம். பூசியதைச் சுரண்டி எடுக்கும்போதுதான் பிள்ளை கதறும், எவ்வளவு ஆழம் வெந்திருக்கிறது என்பதும் தெரியாமல் போகும். அடியில் கழன்று விழுந்தது முளைத்த நிரந்தரப் பல் என்றால் வேர்ப்பக்கத்தைத் தொடாமல், தேய்க்காமல், பாலில் போட்டுக் கொண்டுவாருங்கள். ஒரு மணித்தியாலத்துக்குள் வந்தால் பொருத்த வாய்ப்பு நன்றாக இருக்கும். பாற்பல்லைத் திரும்பப் பொருத்துவதில்லை.

பயந்த பிள்ளைக்குச் சோடாவும் பிஸ்கட்டும் வாங்கிக் கொடுப்பது எங்கள் பக்க வழக்கம். கொடுக்க வேண்டாம். மயக்க மருந்து தேவைப்பட்டால் திண்ம உணவு சாப்பிட்டு 6 மணித்தியாலம் ஆகவேண்டும். ஒரு பிஸ்கட் சத்திரசிகிச்சையை நடுச்சாமத்துக்குத் தள்ளிவிடும்.

கழுத்தை நெரித்திருந்தால் வெளியில் ஓர் அடையாளமும் இல்லாவிட்டாலும் அனுமதிக்கத்தான் வேண்டும். குரல் கரகரத்தல், விழுங்க நோவு, கண்வெள்ளையில் ஊசிமுனை அளவு சிவப்புப் புள்ளிகள் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். உள்ளே வீக்கம் மெல்ல மெல்ல ஏறும்.

பாலியல் வன்முறை என்று சந்தேகமிருந்தால் குளிக்க வார்க்கக் கூடாது, உடுப்பு மாற்றவும் கூடாது. மாற்றியாகிவிட்டால் பழைய உடுப்பைக் கழுவாமல் கடதாசிப் பையில் கொண்டுவர வேண்டும். பொலித்தீன் பையில் ஈரம் தங்கிப் பூஞ்சணம் பிடித்தால் சான்று அழிந்துவிடும். 72 மணித்தியாலத்துக்குள் வந்தால் மூன்று காரியம் கைகூடும்: சான்று எடுக்கலாம், எச்ஐவி தொற்றாமல் காக்கும் மருந்தைத் தொடங்கலாம் (அது 28 நாள் விடாமல் குடிக்க வேண்டியது), கர்ப்பம் தடுக்கும் அவசர மாத்திரை கொடுக்கலாம். பிந்தியவர்களைத் திருப்பி அனுப்புவதில்லை. ஒரு மாதம் கழித்து வந்தாலும் பரிசோதனையும் சிகிச்சையும் உண்டு.

அவசர சிகிச்சைப் பிரிவில்

பரிசோதிக்கும்போது உடுப்பை வெட்டியே ஆகவேண்டும் என்றால், கத்தி பாய்ந்த ஓட்டைக்கு ஊடாக வெட்டாதீர்கள். ஓரமாக வெட்டி, ஒவ்வொரு உடுப்பையும் தனித்தனிக் கடதாசிப் பையில் போட்டு, பெயர், நேரம், எடுத்தவர் பெயர் எழுதி ஒப்படைக்க வேண்டும். இரத்தம் படிந்த சேட்டைச் சுருட்டி வீட்டாரிடம் கொடுத்தால் அடுத்தநாள் அது தோய்த்துக் கொடியில் காயும்.

நோவுக்குப் பரசிற்றமோல், உடல் நிறையில் கிலோவுக்கு 15 மில்லிகிராம், 6 மணித்தியாலத்துக்கு ஒருதரம், நாளைக்கு 4 தரத்துக்கு மேல் இல்லை. காய்ச்சலும் சேர்ந்திருந்தால் டெங்குக் காலத்தில் இபுபுரோபன், அஸ்பிரின் பக்கம் போகக் கூடாது. ஏற்பு (ரெற்றனஸ்) ஊசி எப்போது போட்டதென்று பிள்ளையின் சுகாதார அபிவிருத்திப் பதிவேட்டில் பாருங்கள். 'போட்டிருக்கு' என்ற வாய்ச்சொல் போதாது.

அடிதடியில் இரண்டு பக்கத்துப் பொடியன்மாரும் ஒரே நேரத்தில் ஒரே ஆஸ்பத்திரிக்கு வருவது இங்கு சாதாரணம். ரியூசன் வாசலில் தொடங்கிய சண்டை அவசரப் பிரிவின் வாசலில் தொடர்ந்து நடந்ததும் உண்டு. முதலாவது தாதி இரு தரப்பையும் வெவ்வேறு திரைக்குப் பின்னால் விட வேண்டும். விடுதியும் வேறாக வேண்டும். ஒரே விடுதிதான் இருக்கிறதென்றால், நிலைமை இடம்கொடுக்கும் ஒருவரை அடுத்த ஆதார வைத்தியசாலைக்கு மாற்றும்படி வைத்தியரிடம் கேட்க வேண்டும். கூட வந்தவர்களை வெளியே அனுப்பும் பொறுப்பு வாசற்காவலருக்குரியது. தாதி தனியாக அதில் இறங்கக் கூடாது.

பொலிஸும் சட்ட வைத்தியப் பத்திரமும்

பிள்ளை நேரே ஆஸ்பத்திரிக்கு வந்தாலும் வைத்தியர் சட்ட வைத்தியப் பரிசோதனை வேண்டுமென்று கட்டில் சீட்டில், அதாவது எல்லோரும் பி.எச்.டி. என்று சொல்லும் அந்தப் பத்திரத்தில் எழுதினால், ஆஸ்பத்திரிப் பொலிஸ் காவலரண் அதைப் பதிந்து சட்ட வைத்தியப் பரிசோதனைப் பத்திரத்தைத் தரும். முதலில் பொலிசுக்குப் போய் முறைப்பாடு செய்துவிட்டுத்தான் வரவேண்டும் என்று சொல்லிப் பிள்ளையைத் திருப்பி அனுப்புவது தவறு. சிகிச்சை முதல்.

அந்தப் பத்திரத்தில் காயத்தின் வகை குறிக்கப்படும்: கண்டல், உராய்வு, கிழிவு, வெட்டு, குத்து, எலும்பு முறிவு, சூட்டுக்காயம் என்று. பிறகு அதன் தரம்: சாதாரணமானது, பாரதூரமானது, உயிராபத்தானது என்ற வரிசையில் போகும். எலும்பு முறிந்திருந்தாலோ பல் போயிருந்தாலோ தண்டனைச் சட்டக்கோவையின் 311ஆம் பிரிவின்படி அது பாரதூரமான காயம். வழக்கின் கனமே இதில் தங்கியிருப்பதால், எக்ஸ்ரே முடிவு வருவதற்கு முன் அவசரப்பட்டுத் தரம் எழுதக் கூடாது. நீதிமன்றத்துக்குப் போகும் விரிவான அறிக்கையைச் சட்ட வைத்திய அதிகாரி பின்னர் எழுதுவார். பொத்துவிலிலிருந்து மட்டக்களப்புக்கு நூறு கிலோமீற்றருக்கு மேல். அவ்வளவு தூரம் மாற்றப்படும் பிள்ளையோடு அந்தப் பத்திரமும் முதல் ஆஸ்பத்திரியின் குறிப்பும் சேர்ந்து போகவேண்டும். போகாவிட்டால் இரண்டாவது ஆஸ்பத்திரியில் தையல் போட்ட காயத்தைத்தான் பார்ப்பார்கள். தையலுக்கு முன் அது எப்படி இருந்ததென்று சொல்ல ஆளிராது.

வாக்குமூலம் தமிழில் எழுதப்பட வேண்டும், வாசித்துக் காட்டப்பட வேண்டும். விளங்காத மொழியில் எழுதிய தாளில் கையெழுத்து வைக்க மறுக்கலாம். அம்பாறை நகரில் இது அடிக்கடி வரும் சிக்கல். அங்கு பிள்ளையின் தமையனையோ தமக்கையையோ மொழிபெயர்க்க விடாதீர்கள். தமிழ் தெரிந்த உத்தியோகத்தரைக் கேளுங்கள். அம்மா படும் அடியை 11 வயதுப் பிள்ளை சிங்களத்தில் சொல்லிக்கொடுக்க வேண்டிய நிலை வரவே கூடாது.

பிள்ளையோடு பேசுவது

ஆஸ்பத்திரியில் விசாரணை நடத்தக் கூடாது. சிகிச்சைக்கும் இன்றிரவுப் பாதுகாப்புக்கும் தேவையானதை மட்டும் கேட்க வேண்டும். முழுக்கதையையும் தாதி ஒருதரம், வைத்தியர் ஒருதரம், பொலிஸ் ஒருதரம், பிரதேச செயலகத்து ஆள் ஒருதரம் என்று கேட்டால், நாலாவது தரம் பிள்ளை சொல்வது முதலாவதோடு ஒத்துப்போகாது. எதிர்த்தரப்புச் சட்டத்தரணிக்கு அந்த இடைவெளி போதும். 1999ஆம் ஆண்டின் 32ஆம் இலக்கச் சாட்சியச் சட்டத்தின் கீழ் பிள்ளையின் முதல் வாக்குமூலத்தை வீடியோவில் பதிய வழியிருக்கிறது. அதற்கு உரிய இடத்தில் பேச விடுங்கள்.

கேட்கும் முறை இது. கூட வந்தவரை ஏதாவது ஒரு காரணம் சொல்லி வெளியே அனுப்புங்கள். பதிவு மேசையில் அடையாள அட்டை கேட்கிறார்கள் என்று அனுப்பலாம். கதிரையை இழுத்து, பிள்ளையின் கண் மட்டத்துக்கு இருங்கள். கட்டிலுக்கு மேலே நின்று பேச வேண்டாம். முதலில் உங்கள் பெயரையும் வேலையையும் சொல்லுங்கள். பிறகு:

"மனே, இந்தக் கையில என்ன நடந்ததெண்டு உனக்கு ஏலுமான மாதிரிச் சொல்லு."

"பிறகு?"

"இண்டைக்கு வீட்ட போனா ஆருக்குப் பயம்?"

இவ்வளவும் போதும். 'அப்பாவா அடிச்சவர்?' என்று கேட்டால் நீங்களே பதிலைக் கொடுத்தது போலாகும். பிள்ளை சொன்னதைப் பிள்ளையின் சொல்லிலேயே, மேற்கோள் குறிக்குள், நேரத்தோடு எழுதுங்கள். 'தும்புத்தடியால வாப்பா விளாசினவர்' என்று சொன்னதை 'தந்தையால் மழுங்கிய ஆயுதம் கொண்டு தாக்கப்பட்டதாகத் தெரிவித்தார்' என்று மாற்றி எழுதினால் அந்தச் சொல்லின் பெறுமதி போய்விடும். நீங்கள் கேட்ட கேள்வியையும் எழுத வேண்டும்.

'ஒருத்தருக்கும் சொல்ல மாட்டன்' என்று வாக்குக் கொடுக்காதீர்கள். "நீ பத்திரமா இருக்கத் தேவையான ஆக்களுக்கு மட்டும் சொல்லுவன், சொல்ல முதல் உனக்குச் சொல்லுவன்" என்பது நீங்கள் காப்பாற்றக்கூடிய வாக்கு. பிள்ளை பேசாவிட்டால் விட்டுவிடுங்கள். நடந்ததை முதல் நாளே கொட்டித் தீர்க்கச் செய்வது மனதுக்கு நல்லதென்ற எண்ணம் பிழை. அப்படி வற்புறுத்துவது சிலருக்குத் தீங்காகவும் முடியும். தண்ணீர், போர்வை, நோவுக்கு மருந்து, அம்மாவுக்குக் கோல் எடுத்துக் கொடுத்தல்: முதல் இரவுக்கு இவைதான் உளவளத்துணை.

காயத்தைப் பார்த்துப் பதிதல்

சொல்லும் கதையும் காயமும் பொருந்துகிறதா என்பதே முதற்கேள்வி. ஓடி விளையாடும் பிள்ளைக்கு முழங்காலிலும் கணைக்காலின் முன்பக்கத்திலும் நெற்றியிலும் கண்டல் வரும். 4 வயதுக்குக் குறைந்த பிள்ளையின் நெஞ்சு, முதுகு, காது, கழுத்து ஆகிய இடங்களில் வந்தால் தேடிப்பார்க்க வேண்டும். 4 மாதம் ஆகாத குழந்தைக்கு உடம்பில் எங்கே கண்டல் இருந்தாலும் அது அபாய அறிகுறி. உருண்டு விழத் தெரியாத குழந்தை தானாக அடிபட வழியில்லை. நடக்கத் தொடங்காத குழந்தையின் எலும்பு முறிவும் அப்படித்தான்.

தடியால் அடித்த இடத்தில் இரண்டு இணைகோடு சிவந்து, நடுவில் வெளிறியிருக்கும். தடி விழுந்த இடத்தில் இரத்தம் இரு பக்கமும் நெருக்கித் தள்ளப்படுவதால் அப்படி. வயரை மடித்து அடித்தால் கொண்டை ஊசி மாதிரி வளைந்த தழும்பு. சிகரெட் சூடு வட்டமாக, 8 முதல் 10 மில்லிமீற்றர் வரை, ஓரம் தெளிவாக இருக்கும். சுடுதண்ணீர் தவறிக் கொட்டினால் ஒழுங்கில்லாமல் சிதறி, வழிந்து, கீழே போகப்போக ஆழம் குறையும். காலைப் பிடித்து முக்கியிருந்தால் காலுறை போட்டது போல் ஒரே மட்டத்தில் நேர்க்கோடு நிற்கும்.

கண்டலின் நிறத்தைப் பார்த்து 'இது மூன்று நாள் பழசு' என்று எழுதாதீர்கள். நிறத்தை வைத்து நாள் சொல்வது நம்பத்தக்கதல்ல என்பது நிறுவப்பட்டது; நீதிமன்றத்தில் அந்த ஒரு வரியால் முழு அறிக்கையும் ஆட்டம் காணும். நிறத்தை மட்டும் எழுதுங்கள்: ஊதா, பச்சை, மஞ்சள். நீள அகலத்தைச் சென்ரிமீற்றரில் எழுதி, உடம்பு வரைபடத்தில் இடத்தைக் குறியுங்கள். போட்டோ எடுப்பதென்றால் ஆஸ்பத்திரியின் கமராவில், ஒப்புதலோடு, அடிமட்டம் பக்கத்தில் வைத்து: ஒன்று தூரத்திலிருந்து, ஒன்று கிட்ட. உங்கள் சொந்த போனில் எடுக்க வேண்டாம். கண்டல் பல, அடுத்த நாள்தான் தெளிவாகத் தெரியும், அதனால் 24 முதல் 48 மணித்தியாலத்தில் இன்னொரு தரம் பாருங்கள்.

உச்சந்தலை, காதின் பின்புறம், வாயின் உள்பக்கம், உள்ளங்கால்: இந்த நாலு இடமும் அவசரத்தில் தவறிவிடும். மேலுதட்டின் உள்ளே இருக்கும் சிறு தோல் கிழிந்திருப்பது, அழும் குழந்தையின் வாயில் போத்தலை அழுத்தித் திணித்ததற்கு அடையாளமாக இருக்கலாம்.

பதின்ம வயதினர்

சிறுவர் விடுதியின் வயதெல்லை தாண்டிய பொடியனுக்குப் பெரியவர்களின் சத்திரசிகிச்சை விடுதியில்தான் கட்டில் கிடைக்கும். சட்டப்படி 18 வயதுவரை அவன் சிறுவன். விடுதியிலோ குடிவெறியில் விழுந்து வந்தவருக்குப் பக்கத்துக் கட்டிலில் கிடப்பான், அவனை ஒருவரும் பிள்ளையாகக் கணக்கெடுப்பதில்லை. எங்கள் பார்வையில் இதுதான் மட்டக்களப்பு, அம்பாறை என்ற எங்கள் இரு மாவட்ட ஆஸ்பத்திரிகளிலும் உள்ள ஆகப்பெரிய ஓட்டை. தினமும் காலையில் நட்பு நிலையத்திலிருந்து ஒருவர் பெரியவர் விடுதிகளின் அனுமதிப் பதிவேட்டைப் பார்த்து, 18க்குக் கீழே தாக்கப்பட்டு வந்தவர்கள் யாரென்று குறித்துக்கொண்டால் பாதி அடைபடும். அதற்கு 15 நிமிடம் போதும்.

அடிபட்ட பொடியனுக்கு அதே இரவு இரண்டு வழி தெரியும்: பயந்து ஒளிவது, திருப்பி அடிப்பது. 1994இல் அமெரிக்காவின் ஓக்லண்ட் நகரில், சுடப்பட்டும் குத்தப்பட்டும் கிடக்கும் இளைஞர்களின் கட்டிலருகே அதே ஊரில் வளர்ந்த, அதே வழியால் வந்த ஒருவரை இருத்தும் திட்டம் ஒன்று தொடங்கியது. பின்னர் பல நகரங்கள் அதைப் பின்பற்றின. அதன் அடிப்படை எங்களுக்கும் பொருந்தும்: அவன் கட்டிலில் இருக்கும்போதே, அவன் மதிக்கும் ஒருவர் வந்து பேச வேண்டும். விளையாட்டுக் கழகத்துத் தலைவர், உடற்கல்வி ஆசிரியர், தாய்மாமன், பள்ளிவாசல் இளைஞர் குழுவில் உள்ளவர் எவரும் ஆகலாம். ஆரைக் கூப்பிடுவதென்று அவனிடமே கேளுங்கள். உபதேசம் செய்யும் ஆள் வேண்டாம்.

கேட்க வேண்டியவை: இது முடிந்துவிட்டதா, இல்லையா? அடித்தவன் எந்தப் பாதையால் போய் வருகிறான்? கூட்டாளிகள் வட்ஸ்அப்பில் என்ன பேசுகிறார்கள்? வீட்டில் கத்தி, வாள் இருக்கிறதா? பார்வையாளர் நேரத்தில் ஆறேழு பொடியன்மார் கட்டிலைச் சுற்றி நின்று குசுகுசுத்தால், இருவர் இருவராக உள்ளே விடுங்கள்.

இன்னொரு கேள்வியை நேரே கேட்க வேண்டும்: "உயிரை விடோணும் எண்ட எண்ணம் வந்ததா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. 'ஓம்' என்றால் தனியாக விடாமல், அன்றைக்கே உளநலப் பிரிவின் வைத்தியரைக் கூப்பிட வேண்டும். வீட்டுக்குப் போனபின் தேசிய உளநல உதவி இலக்கம் 1926.

பொம்பிளைப் பிள்ளைகளுக்கு, காதலன் அடித்தது, போட்டோவை வைத்து மிரட்டியது என்பவை 'சைக்கிளால விழுந்தது' என்ற பெயரில் வரும். 16க்குக் கீழ் என்றால் சம்மதம் இருந்தது என்ற பேச்சே சட்டத்தில் எடுபடாது. விடுதியில் பெயர் சொல்லிக் கதைக்காதீர்கள். பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரை அடையாளம் காட்டி வெளியிடுவது தண்டனைச் சட்டக்கோவை 365C பிரிவின் கீழ் குற்றம். முகநூலில் போடும் அயலவருக்கும் அது பொருந்தும்.

வீட்டுக்கு அனுப்பும் முன் நடக்கும் கூட்டம்

துண்டு வெட்டுவதற்கு முன் எல்லோரும் ஒரு மேசையில் இருக்க வேண்டும்: சிகிச்சை வைத்தியர், சட்ட வைத்திய அதிகாரி, விடுதிப் பொறுப்புத் தாதி, உளநலப் பிரிவு, நன்னடத்தை உத்தியோகத்தர், சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர், பொலிஸ் சிறுவர் மகளிர் பணியகத்து ஆள். எல்லோருக்கும் நேரம் கிடைக்காது. கிடைக்காதென்று கூட்டத்தைத் தள்ளிப் போடாமல் ஆகக்குறைந்தது மூன்று பேர், வைத்தியர், தாதி, நன்னடத்தை, கூடி முடிவை பி.எச்.டி.யில் எழுத வேண்டும். வெள்ளி பின்னேரம்தான் ஆபத்தான நேரம். கட்டில் நிரம்பி வழியும், அலுவலகங்கள் பூட்டியிருக்கும், 'திங்கள் பார்ப்பம்' என்று பிள்ளையை அனுப்பிவிடுவார்கள். காயம் ஆறிவிட்டாலும் பாதுகாப்பு உறுதியாகும்வரை கட்டிலில் வைத்திருக்கும்படி பி.எச்.டி.யில் வியாழக்கிழமையே எழுதி வையுங்கள்.

முடிவு செய்ய வேண்டிய கேள்வி: இந்தப் பிள்ளை இன்றிரவு எந்த வீட்டில், யாருடைய பொறுப்பில் படுக்கப்போகிறது?

எங்கள் பக்கத்தில் பெண் கலியாணம் முடித்தும் தாய் வளவிலேயே இருப்பதால் பெரியம்மா, சின்னம்மா, அம்மம்மா வீடுகள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். பாதுகாப்பான பெரியவர் அங்கேயே கிடைப்பது பெரிய பலம். ஆனால் அடித்தவரும் அதே வளவில், அதே கிணற்றில் தண்ணி அள்ளுபவர் என்றால் சின்னம்மா வீடு பாதுகாப்பாகாது. வளவின் படத்தைக் கீறச் சொல்லுங்கள்: எந்தக் கதவு எங்கே, பிள்ளை எங்கே படுக்கும், மலகூடத்துக்கு இரவில் எந்த வழியால் போகும். தாய் மத்திய கிழக்கில் என்றால் போனில் அவரோடு பேசாமல் முடிவெடுக்காதீர்கள். அவருக்கு அனுப்பப்பட்ட செய்தி பெரும்பாலும் 'விழுந்திட்டான்' என்பதாகத்தான் இருக்கும்.

குடும்பத்துக்குள் இடமில்லை என்றால் நன்னடத்தை உத்தியோகத்தர் நீதவானிடம் பிள்ளையை முன்னிலைப்படுத்திக் கட்டளை பெறுவார். உறவினர் ஒருவரைத் தகுந்த ஆளாகக் காட்ட முடிந்தால் சிறுவர் இல்லத்துக்கு அனுப்பத் தேவையில்லை. இல்லம் கடைசி வழி. அடிக்கும் ஆள் அதே வீட்டில் இருப்பவர் என்றால் 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைச் சட்டத்தின் கீழ் பாதுகாப்புக் கட்டளை கேட்டு அவரை வீட்டிலிருந்து விலக்கலாம். பிள்ளை வெளியேறுவதை விட அடித்தவர் வெளியேறுவதே நியாயம்.

'சமாதானமாப் போவம்' என்ற பேச்சு பெரும்பாலும் இரண்டாம் நாள் வரும். கோயில் நிருவாகம் பார்க்கும் வண்ணக்கர், பள்ளிவாசல் நிருவாகி, அரசியல்வாதியின் ஆள் என்று வருவார்கள். பொடியன்மாரின் கைகலப்பில் பெரியவர்கள் தலையிட்டுப் பகையைத் தணிப்பது நல்லது, வரவேற்க வேண்டியது. பிள்ளை மீதான பாலியல் வன்முறையிலும் கொடூரத்திலும் சமாதானத்துக்கு இடமில்லை. காசு வாங்கி முறைப்பாட்டை மீளப்பெறுவது, 'கட்டிக் கொடுத்திருவம்' என்பது இரண்டுமே பிள்ளையை மறுபடி அதே கையில் ஒப்படைப்பது. தாய்க்கு முன்னால் அதைத் தெளிவாகச் சொல்லுங்கள். முறைப்பாட்டை வாபஸ் வாங்கினாலும் தண்டனைச் சட்டக்கோவை 308A பிரிவின் கீழான சிறுவர் கொடுமை வழக்கு அரசின் வழக்கு என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கையில் கொடுத்தனுப்ப வேண்டியது

ஒரு தாள், தமிழில், பெரிய எழுத்தில். அதில் தையல் வெட்டும் நாள் இருக்க வேண்டும்: முகத்தில் 5 நாள், தலையில் 7 முதல் 10, கைகாலில் 10 முதல் 14. தலையில் அடிபட்டிருந்தால் உடனே திரும்பிவர வேண்டிய அறிகுறிகள்: மறுபடி மறுபடி சத்தி, எழுப்பினாலும் எழும்பாமல் தூக்கம், கூடிக்கொண்டு போகும் தலையிடி, வலிப்பு, காது மூக்கால் தண்ணீர் போல் வடிதல். தொலைபேசி இலக்கங்கள்: சிறுவர் முறைப்பாட்டுக்கு 1929, பெண்களுக்கு 1938, பொலிஸ் 119. அடிப்பவர் படிக்கும் வீடென்றால் இந்த இலக்கங்களைத் தாளில் எழுதாமல் கிளினிக் கொப்பியின் நடுப்பக்கத்தில் எழுதுங்கள், அல்லது பிள்ளைக்கு 1929ஐ மனப்பாடமாக்குங்கள்.

அடுத்த முறை வர பஸ் காசு இருக்கிறதா என்று கேளுங்கள். வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையிலிருந்து கிளினிக்குக்கு வர ஒருநாள் கூலி போய்விடும். வராமல் விடுவதற்கு இதுவே முதற்காரணம், அக்கறையின்மை அல்ல. தையல் வெட்டுவதைப் பக்கத்து ஆஸ்பத்திரியில் செய்ய எழுதிக் கொடுத்து, மனநலப் பரிசோதனையை மட்டும் பெரிய ஆஸ்பத்திரியில், வேறொரு கிளினிக் நாளோடு சேர்த்துப் போடுங்கள்.

பிறகு

மூன்றாம் நாள் ஒரு கோல். யார் எடுக்கப்போகிறார், எந்த இலக்கத்துக்கு, அடிப்பவர் எடுத்தால் என்ன சொல்வது ('கிளினிக் திகதி மாறியிருக்கு, அதுக்குத்தான்') என்பதை அனுப்பும்போதே பேசி வைக்க வேண்டும். குடும்பநல உத்தியோகத்தரும் கிராம உத்தியோகத்தரும் வீட்டுக்குப் போகும் வழக்கமான ஆட்கள். அவர்கள் போனால் ஊர் கண் வைக்காது. பொலிஸ் வாகனம் வாசலில் நின்றால் வைக்கும்.

முதல் மாதம் நித்திரையின்மை, திடுக்கிடல், பழையபடி படுக்கையில் மூத்திரம் போதல், தாயை விட்டு அசையாமை ஆகியவை வரும். இவை பெரும்பாலும் தானாக அடங்கும். அடிக்காமல், கேலி செய்யாமல் விட்டால் போதும். 4 வாரம் தாண்டியும் கனவும், நடந்த இடத்தால் போக மறுப்பதும், படிப்பில் மனம் நில்லாமையும் குறையவில்லை என்றால் சிறுவர் உளநல சிகிச்சை வேண்டும். நடந்ததைப் படிப்படியாகப் பேசிக் கடக்கும் சிகிச்சை முறைகள் இருக்கின்றன, பயன் தருகின்றன. நித்திரைக் குளிசை அதற்கு மாற்றல்ல. 2019 ஏப்ரல் 21இல் மட்டக்களப்புச் சீயோன் தேவாலயக் குண்டுவெடிப்பில் காயப்பட்ட பிள்ளைகள் போல, நடந்த திகதி ஊரே நினைவுகூரும் நாளாக இருந்தால், ஒவ்வோர் ஆண்டும் அந்தக் கிழமையில் ஒருதரம் விசாரிப்பது நல்லது.

பள்ளிக்கூடத்துக்குத் திரும்புவதை முன்கூட்டியே ஒழுங்கு செய்யாவிட்டால் பிள்ளை இடைவிலகும். அதிபருக்கு வைத்தியரின் கடிதத்தில் நோயின் விபரம் வேண்டாம். எத்தனை நாள் ஓய்வு, எந்தக் கை எழுத ஏலாது, எதிலிருந்து விலக்கு என்பது மட்டும் போதும். தலையில் அடிபட்ட பிள்ளை முதல் 1, 2 நாள் ஓய்வு, பிறகு அரைநாள் வகுப்பு, தலையிடி வராவிட்டால் முழுநாள், வைத்தியர் விட்டபின்தான் மைதானம். அடித்தது ஆசிரியர் என்றால் கல்வி அமைச்சின் 2016ஆம் ஆண்டு 12ஆம் இலக்கச் சுற்றுநிருபம் உடல்தண்டனையைத் தடுக்கிறது. வலயக் கல்விப் பணிப்பாளருக்கு எழுத்தில் கொடுத்து, பிரதியில் வாங்கிய திகதியோடு ஒப்பம் எடுத்துக்கொள்ளுங்கள்.

வழக்கு அழைப்பு வருடங்கள் கழித்தும் வரும். அதற்குள் விடுதித் தாதி இடமாற்றம் பெற்றிருப்பார், குறிப்பு மட்டுமே மிஞ்சும். அதனால் நட்பு நிலையத்தில் இந்தப் பிள்ளைகளின் கோப்பைத் தனியாக, பூட்டிய அலுமாரியில், பி.எச்.டி. இலக்கமும் சட்ட வைத்தியப் பத்திரத்தின் இலக்கமும் பொலிஸ் முறைப்பாட்டு இலக்கமும் முதற்பக்கத்தில் எழுதி வைத்திருங்கள். மிரட்டல் வந்தால் 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பாதிக்கப்பட்டோரும் சாட்சிகளும் பாதுகாப்புக் கேட்கலாம், இழப்பீட்டுக்கும் விண்ணப்பிக்கலாம். சட்ட உதவி ஆணைக்குழுவின் கிளையில் இலவசமாக உதவுவார்கள். தவணை நாளில் பிள்ளையை எதிரியோடு ஒரே வாங்கில் இருக்க விடாமல் வேறு அறை தரும்படி முன்னரே நீதிமன்றப் பதிவாளரிடம் கேட்டு வையுங்கள். கட்டுச்சோறும் தண்ணீர்ப் போத்தலும் கொண்டுபோகச் சொல்லுங்கள்; வழக்கு கூப்பிடப் பின்னேரமாகலாம்.